எருமைக்கு ஒரு ஜோடி ஸ்லைடர்

பிப்ரவரி 4

பட்டறைக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் எப்படியோ தெரியாது. பட்டறையில் என் சத்தம் ஓய்ந்துவிட்டதால் உங்கள் காதாவது நலமாக இருக்கும்.

நான் எங்கே போனேன் என்று உங்கள் அண்ணியிடம் கேட்டீர்களாம். மலைமேல் செல்போன் டவர் கட்டுகிற கம்பெனியில் ஓட்டுநராகச் சேர்ந்துவிட்டேன். கேம்ப்பிலிருந்து உச்சிக்கு ஆட்களையும் கம்பிச் சுருளையும் ஏற்றிப் போய் இறக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், டவர் கட்டுகிற இடத்தில் டவர் கிடைக்காது. அதனால்தான் கடிதம். வியாழக்கிழமைதோறும் இங்கே வரும் சரக்கு லாரிக்காரர் வாங்கிக்கொண்டு வருவார். பதில் எழுத மனமிருந்தால் அவரிடமே கொடுங்கள்.

ஓட்டுவது நம் எருமையைத்தான். அந்தக் கிழட்டு ஜீப் ஒன்றைத்தான் உங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். அதுவும் என் அப்பா என் பேரில் வாங்கித் தந்தது, யாரும் கேள்வி கேட்க முடியாது. இங்கே பாதை என்று பேர்தான், எல்லாம் பாறை. நேற்று இடது கதவுக்குக் கீழே ஒரு கல் முட்டித் தகடு உள்ளே போய்விட்டது.

எனவே ராக் ஸ்லைடர் ஒரு ஜோடி வேண்டும். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் கஸ்டமர் என்றால் விவரமாக எழுத வேண்டும் இல்லையா? இரண்டு பக்கமும் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் கனத்த இரும்புக் குழாய். வண்டி பாறைமேல் உட்கார்ந்தால் தகடு நசுங்காமல் குழாய் தாங்க வேண்டும். சேஸிஸில், அதாவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில், பொருத்துகிற மாதிரி செய்யுங்கள். மேலே இருக்கும் தகட்டுப் பாடியில் பொருத்துகிற மாதிரி வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

இதைத்தான் அன்றைக்கு அந்த வாத்தியாரிடமும் சொன்னேன். அவர் வண்டியில் இருந்தது நம் பட்டறையில் பாடியில் மாட்டிய ஸ்லைடர். பாறையில் மோதியதும் தகட்டோடு மேலே ஏறிக் கதவை இறுக்கிவிட்டது. மனிதர் தன் மனைவியை ஜன்னல் வழியாக இழுத்து வெளியே எடுத்திருக்கிறார். "உங்க வண்டிக்குச் சேஸிஸ்ல மாட்டியிருக்கணும் சார்" என்றேன். உண்மை. உங்கள் அண்ணன் அவர் எதிரிலேயே, "பட்டறை விஷயத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு? உள்ள போ" என்றார். நீங்கள் கையில் ஸ்பேனரோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். தரையில் அப்படி என்னதான் கிடந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெண்டாட்டி கேட்கிறாள் என்று செய்ய வேண்டாம். கஸ்டமர் கேட்கிறார் என்று செய்யுங்கள்.

இப்படிக்கு,
கஸ்டமர்


பிப்ரவரி 11

என் வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. திட்டித்தான் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. நீ போனபிறகு இந்த வீட்டில் யாரும் அலமாரிக் கதவைப் படாரென்று சாத்துவதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்த மாதிரியே இல்லை.

அண்ணன் பேசியது தப்புதான். ஆனால் அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். அப்பா போனபின் என்னைக் கைப்பிடித்து வெல்டிங் பழக்கியவர். கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. பெரிய மனசு பண்ணி விட்டுவிடக் கூடாதா?

ஸ்லைடர் விஷயமாக அவரிடம் கேட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாடியில் மாட்டினால் குழாய் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், தரையிலிருந்து உயரம் குறையாது. சேஸிஸில் என்றால் உள்ளேயிருந்து இரும்புக் கை நீட்டிப் பிடிக்க வேண்டும், குழாய் கொஞ்சம் கீழே இறங்கித் தொங்கும், கல்லில் அதுவே முதலில் இடிக்கும். வண்டிக்கு வண்டி அளவும் மாறும். நம் பட்டறையில் பாடி மாடலுக்குத்தான் அச்சு இருக்கிறது. ஆகவே அதில் ஒரு ஜோடி இந்த லாரியில் அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு மாட்டிக்கொள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எப்போது வருகிறாய்? உன் செருப்பு வாசலில் அப்படியே இருக்கிறது. நான் நகர்த்தவில்லை.

உன்,
நான்தான்


பிப்ரவரி 18

பட்டறைக்காரருக்கு,

உங்கள் சரக்கு வந்த லாரியிலேயே திரும்பி வருகிறது. கட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

உயரம் குறையும் என்கிறார் உங்கள் அண்ணன். குறையட்டும். இடிக்கிற கல்லை முதலில் வாங்கிக்கொள்ளத்தானே அந்தக் குழாய்? அவர் மாடலில் ஜாக்கி வைத்து எருமையைத் தூக்கிக் காட்டட்டும், நான் இங்கிருந்து கையெடுத்துக் கும்பிடுகிறேன். தூக்கினால் வண்டி எழும்பாது, தகடுதான் அப்பளமாகும். சேஸிஸே இல்லாத காருக்குப் பாடியில் மாட்டுங்கள், அதற்கு வேறு வழி இல்லை, அது சரி. எருமைக்கு முதுகெலும்பு இருக்கிறது. முதுகெலும்பு இருக்கிறவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

பெரிய மனசு எனக்கு நிறையவே இருக்கிறது. வாத்தியார் மனைவி ஜன்னல் வழியாக வந்ததையும் என்னை உள்ளே போகச் சொன்னதையும் மறக்கிற அளவுக்கு இல்லை. உள்ளே போகச் சொன்னார், நான் வெளியே வந்துவிட்டேன். இனி யார் சொல்லியும் உள்ளே போகிற உத்தேசம் இல்லை.

செருப்பை நகர்த்தி வையுங்கள். யாராவது தடுக்கி விழப் போகிறார்கள்.

இப்படிக்கு,
அதே கஸ்டமர்


மார்ச் 11

வாயாடிக்கு,

செய்துவிட்டேன்! ஞாயிற்றுக்கிழமைகளில், பட்டறை மூடியிருக்கும்போது. எருமையின் அளவு எனக்கு மனப்பாடம், வண்டி எதிரில் இல்லாமலே செய்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று கைகள், சேஸிஸைக் கவ்விப் பிடிக்கும். ஒவ்வொரு மூட்டிலும் என் வெல்டிங்கைத் தடவிப் பார், தெரியும்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். குழாயின் மேல் ஒரு இரும்புப் பட்டி வைத்து அதைப் பாடியிலும் போல்ட் போட ஓட்டை விட்டிருக்கிறேன். அண்ணன் பார்த்துவிட்டு, "என்னடா இது?" என்றார். பட்டியைக் காட்டி, "பாடி மாடல்தாண்ணே, கொஞ்சம் பெரிசு" என்றேன். குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உனக்குச் சேஸிஸும் ஆச்சு, அவருக்குப் பாடியும் ஆச்சு. இரண்டு பக்கமும் பிடி இருந்தால் இன்னும் பலம்தானே?

முதுகெலும்பு என்று எழுதியிருந்தாயே, அது வண்டியைப் பற்றியா, என்னைப் பற்றியா? யோசித்து யோசித்து வெல்டிங் கண்ணாடி போடாமல் ஒரு தடவை பொறி பார்த்துவிட்டேன்.

உன்,
நான்தான்


மார்ச் 25

விலாங்கு மீனுக்கு,

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்பார்களே, அதை இரும்பில் செய்த முதல் ஆள் நீங்கள்தான். வாழ்க!

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று அந்தப் பட்டியை வைத்தீர்கள். நானும் நம்பி மாட்டினேன். மூன்றாவது நாளே எருமை முனக ஆரம்பித்தது. பாறையில் ஏறினால் சேஸிஸ் ஒரு பக்கம் முறுக்கும், ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும் பாடி இன்னொரு பக்கம் ஆடும். இது உங்களுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இரண்டையும் ஒரே பட்டியில் கட்டினால் எது கிழியும்? தகடு கிழிந்தது. போல்ட் ஓட்டை ஒவ்வொன்றும் வாயைப் பிளந்தது, கதவு சாத்தவே வரவில்லை. தெரிந்தும் செய்தீர்கள், அண்ணனுக்குப் பயந்து. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கேம்ப்பில் கிரைண்டர் வாங்கிப் பட்டியை நானே அறுத்து எறிந்தேன். இப்போது குழாய் சேஸிஸை மட்டும் பிடித்திருக்கிறது, பாடிக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. முனகல் போய்விட்டது.

இனி நல்ல செய்தி. திங்கட்கிழமை மழைக்குப் பிறகு இறங்கும்போது பின்சக்கரம் வழுக்கியது. பள்ளத்தை நோக்கிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் இடது பக்கம் தொம்மென்று ஒரு பாறைமேல் உட்கார்ந்தது. பின்னால் கம்பி கட்டுபவர்கள் இருவர். ஒருவர் தன் அம்மாவைக் கூப்பிட்டார், மற்றவர் என்னைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார். அவ்வளவு எடையும் உங்கள் குழாய்மேல். அதே குழாயில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கல் அடுக்கி வெளியே எடுத்தேன். முதல் வேலையாக இடது கதவைத் திறந்து பார்த்தேன். திறந்தது. உங்கள் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். ஒரு மூட்டுகூட விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கெட்ட வார்த்தைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

முதுகெலும்பு என்று எழுதியது வண்டியைப் பற்றித்தான். உங்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நேராகவே எழுதுவேன், எனக்கென்ன பயம்? இதோ எழுதுகிறேன். நீங்கள் அருமையான வெல்டர். எனக்கு உங்களைப் பிடிக்கும். உங்கள் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை. ஆனால் நான் அவமானப்படும்போது தரையைப் பார்க்கிறவர் பக்கத்தில் நிற்க மாட்டேன்.

கம்பெனி வண்டிகளைப் பழுதுபார்க்கக் கேம்ப்பை ஒட்டி ஒரு ஷெட் இருக்கிறது. அதை நான் குத்தகைக்கு எடுத்துவிட்டேன். வெல்டர் தேவை. அடுத்த வியாழன் லாரியில் வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன். ஆனால் உங்கள் அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் நழுவி வந்தால் அதே லாரியில் திருப்பி அனுப்புவேன். சரக்கைத் திருப்பி அனுப்பியவளுக்கு ஆளை அனுப்பத் தெரியாதா?

இப்படிக்கு,
ஷெட்காரி


ஏப்ரல் 1

வாயாடிக்கு,

வியாழன் லாரியில் நான் வரவில்லை. உடனே கிழித்துப் போடாதே, முழுவதும் படி.

நேற்று அந்த வாத்தியார் வந்தார். வண்டியைத் தட்டி நேராக்கிவிட்டாராம், மறுபடியும் ஸ்லைடர் வேண்டுமாம். கூடவே அவர் மனைவியும். அண்ணன் வழக்கம்போல, "அதே பாடி மாடலை மாட்டிக்குடுடா" என்றார்.

"மாட்ட மாட்டேண்ணே" என்றேன்.

நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "யார்ரா உனக்குச் சொல்லிக்குடுத்தா?"

"என் பொண்டாட்டி சொன்னா. அன்னிக்கே இவங்க முன்னாடி சொன்னா. நீங்க அவள உள்ள போகச் சொன்னீங்க, நான் வாயத் தச்சிக்கிட்டு நின்னேன். இன்னிக்கு நானே சொல்றேன். இந்த வண்டிக்குச் சேஸிஸ்லதான் மாட்டணும். அவள அப்படிச் சொன்னதும் தப்புதாண்ணே."

சொல்லும்போது பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தரையைப் பார்க்கவில்லை. நீ கேட்டாயே, அன்றைக்குத் தரையில் என்ன கிடந்தது என்று. ஒரு வாஷர் கிடந்தது. அவ்வளவுதான்.

"என் பட்டறைக்குள்ள இது நடக்காது" என்றார் அண்ணன். சரி என்று என் வெல்டிங் செட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது பட்டறை வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டோரத்தில் வாத்தியார் வண்டி நிற்கிறது. டயர் கடையிலிருந்து கரண்ட் இழுத்திருக்கிறேன். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும். மத்தியானம் அண்ணி அவர் கண்ணெதிரிலேயே ரோட்டைக் கடந்து வந்து டீ கொடுத்துவிட்டுப் போனார். வாத்தியார் மனைவி ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு மூட்டையும் காட்டச் சொல்கிறார். பட்டி கிட்டி எதுவும் இல்லை, பாடிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் விட்டிருக்கிறேன்.

இந்த வேலையை முடித்துக் கொடுக்காமல் நகர மாட்டேன். நீ கெடு வைத்தாலும் சரி, மிரட்டினாலும் சரி. அதற்கடுத்த வியாழன் லாரியில் வருகிறேன். டிரைவர் பக்கத்து சீட்டில் உன் செருப்பும் வரும்.

அதற்குள் வேறு வெல்டரைச் சேர்த்துக்கொள்வதானால் தாராளமாகச் சேர்த்துக்கொள். நான் வந்ததும் அவரைக் கிளம்பச் சொல்லிவிடுவேன். நீ வாயைத் திறக்க வேண்டாம், நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் ஷெட்டின் வெல்டர்