கையெழுத்து வாங்கப் போனவர்

பெருமாநல்லூர்,
ஞாயிறு, 16 நவம்பர்

அன்புத் தம்பி முபாஷிருக்கு,

உன்மீது இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். இதற்குக் கீழே இருப்பதைப் படித்துவிட்டு, அக்கா ஒரு ஸலாம்கூடச் சொல்லவில்லை என்று நீ அம்மாவிடம் குறைப்படக் கூடாது.

அம்மா நலம். அத்தா போனதிலிருந்து இத்தாத் தனிமையில் இருப்பதால் வாசல் பக்கம் வருவதில்லை. சர்க்கரை மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிறார். லெஸ்டரில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயாம். கம்பளிச் சட்டையை உள்ளே போடு, வெளியே போட்டு அழகு பார்க்காதே.

போனில் மூன்று முறை முயன்றேன். சுடலை அண்ணன் பெயரை எடுத்ததும், "அக்கா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாய். அதில் ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் கடிதம். கூரியர் வந்து சேர நாளாகும். படமெடுத்து இன்றே மெயிலிலும் அனுப்புகிறேன்.

சுடலை அண்ணன் உள்ளே போய் இன்றோடு ஒன்பது நாள். பத்தொன்பது வருடம் நம் பனியன் கம்பெனி மேனேஜராக இருந்த மனிதர். நீ கொடுத்த புகாரால் போனார்.

அத்தா மவுத்தாகி அடக்கம் செய்த இருபதாம் நாள் கம்பெனியில் எல்லோருக்கும் பிரியாணி போட்டாய். சாப்பாடு முடிந்ததும் ஸ்டூல்மேல் ஏறி, 'விட்டுப் போனால் இவ்வளவு கட்டுவேன்' என்று அத்தா எல்லோரிடமும் எழுதி வாங்கி வைத்திருந்த பத்திரக் கட்டைக் கிழித்தாய். "இதெல்லாம் எங்க அத்தாவுக்குத் தெரியாம மேனேஜர் பண்ணுன வேலைங்க. இனி யாரும் பயப்பட வேண்டியதில்லீங்க" என்றாய். செக்கிங் பெண்கள்கூட விசிலடித்தார்கள். சுடலை அண்ணன் அப்போது தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு எச்சில் தட்டுகளை அடுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் புகார். அதற்கு மறுநாள் நீ விமானத்தில்.

இந்த வாரம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு ஏழாம் ஹென்றியைப் பற்றிப் பாடம் எடுத்தேன். உனக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். லெஸ்டருக்குப் பக்கத்தில் போஸ்வர்த் என்ற இடத்தில் சண்டை போட்டுத்தான் அவர் இங்கிலாந்துக்கு ராஜா ஆனார். அந்த வயலில் நின்று கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பியிருந்தாயே, பின்னால் பெரிய பலகை தெரிந்தது. அதைப் படித்திருக்க மாட்டாய்.

பட்டத்துக்கு அவருக்கிருந்த உரிமை மெலிசானது. அதனால் யாரையும் நம்பவில்லை. சண்டை வந்தால் செலவு, வரி போட்டால் கலகம் என்று இரண்டையும் முடிந்தவரை தவிர்த்தார். தன் நிலங்களின் குத்தகையை ஒழுங்காக வசூலித்தார். கம்பளித் துணி வியாபாரம் நடந்தால் சுங்கம் வரும் என்று அதற்காக அயல்நாட்டோடு ஒப்பந்தம் போட்டார். கணக்கைத் தானே பக்கம் பக்கமாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். இதுவரை நம் ஊர் முதலாளிகள் எல்லோருக்கும் பிடித்துப்போகும் ராஜா.

அடுத்ததுதான் விஷயம். பிரபுக்களிடம் அவர் பத்திரம் எழுதி வாங்கினார். 'ராஜாவுக்கு விசுவாசமாக நடப்பேன், தவறினால் இவ்வளவு பவுண்டு கட்டுவேன்.' பாதிப் பேர் கடனே வாங்கவில்லை. நல்ல நடத்தைக்குத்தான் அந்தத் தொகை. பெரிய குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தில் இப்படி ஒரு காகிதம் தொங்கியது.

இதை நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது காதில் அத்தாவின் குரல் கேட்டது. "வசூல் பண்றதுக்கு இல்ல கண்ணு. நம்ம பீரோவுல இருக்குதுங்கற நெனப்பு அவனுக்கு இருந்தாப் போதும்."

அந்த ராஜாவின் மந்திரி ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஆடம்பரமாக வாழ்பவனிடம், உன்னிடம் பணம் இருப்பது தெரிகிறது, கொடு என்பாராம். சிக்கனமாக வாழ்பவனிடம், சேர்த்து வைத்திருப்பாய், கொடு என்பாராம். அத்தா இதை எங்கும் படிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் புது வண்டியில் வந்து சம்பள உயர்வு கேட்டபோது, "வண்டி வாங்கற அளவுக்கு வசதி இருக்குதுங்களே" என்றார். அயர்ன் மாஸ்டர் கிழிந்த சட்டையோடு வந்து கேட்டபோது, "இத்தனை சிக்கனமா இருக்கிற உங்களுக்கு எதுக்குங்க சாமி பணம்" என்றார். நாமும் சிரித்தோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அத்தா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கூட்டாளி ஏமாற்றிவிட்டுப் போன பிறகு ஒற்றை மெஷினில் மறுபடி தொடங்கியவர். நூல் விலை ஏறிக் கம்பெனிகள் மூடியபோதும் ஒரு சனிக்கிழமைகூடக் கூலியை நிறுத்தாதவர். எல்லோரும் ஒருநாள் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை. அந்தப் பயத்துக்குத்தான் அத்தனை பத்திரங்கள்.

ஹென்றிக்குக் கையெழுத்து வாங்கித் தந்தவர்கள் எம்ப்சன், டட்லி என்று இரண்டு பேர். ஊரே அவர்களை வெறுத்தது. ராஜா இறந்ததும் பதினேழு வயது மகன் பட்டத்துக்கு வந்தான். வந்த சில நாளிலேயே இருவரையும் சிறையில் தள்ளினான். அடுத்த வருடம் தலையை வெட்டினான். ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்பா சேர்த்த பணம் மட்டும் மகனிடமே இருந்தது.

மோனிஷா என்று ஒரு மாணவி, பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வருபவள், எழுந்து கேட்டாள்: "ஏனுங்க மேடம், ராஜா சொல்லித்தானுங்க அவங்க பண்ணுனாங்க? அப்பறம் ராஜாவோட பையனே எப்படீங்க?"

நான் போர்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முனீஸை நினைவிருக்கிறதா? இங்கே ஆறு மெஷின் போட்டு நமக்குத் தைத்துக் கொடுத்தவன். நம்மிடம் வேலை இல்லாத இரண்டு மாதம் வேறு கம்பெனிக்குத் தைத்தான். வேறு யாருக்கும் தைக்க மாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டி அவனுடைய இரண்டு ஓவர்லாக் மெஷின்களை சுடலை அண்ணன் வண்டியில் ஏற்றி வந்தார். சுடலை திருடினார் என்று உன் புகாரில் இருக்கிறது. அந்த மெஷின்கள் எங்கே இருக்கின்றன, முபாஷிர்? நம் ஷெட்டில், மூன்றாவது வரிசையில். நேற்றும் ஓடின. அவற்றில் தைத்த பனியன் விற்ற பணத்தில்தான் உனக்கு ஃபீஸ் கட்டினோம்.

முனீஸைப் போய்ப் பார்த்தேன். புகாரில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். "யாரு சொல்லி வந்தாருன்னு எனக்குத் தெரியாதாக்கா? தம்பி மெஷினத் திருப்பித் தாரேன், ஒரு வருசத்துக்கு ஆர்டரும் தாரேன்னாவ. மௌத்தான பெரியவரு மேல புகார் குடுத்தா இந்த ஊர்ல எனக்கு யாரு வேல குடுப்பா?" என்றான். அதாவது அவனிடமும் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறாய். உனக்கு மேனேஜர்கூடத் தேவைப்படவில்லை.

சுடலை அண்ணன் யோக்கியர் என்று நான் வாதாட வரவில்லை. குடித்திருந்தால் கெட்ட வார்த்தை பேசுவார். பயந்தவர்களை இன்னும் பயமுறுத்துவதில் அவருக்கு ஒரு ருசியும் இருந்தது. அதற்கு அவரைக் கேள். அத்தா செய்ததற்கு அவரைக் கேட்காதே.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலில் நீ சொன்னதை நாங்கள் வீட்டிலிருந்து மைக்கில் கேட்டோம். "எங்க அத்தா யாருக்காச்சும் ஏதாச்சும் தர வேண்டியிருந்தா என்கிட்ட வந்து கேளுங்க, அது என் பொறுப்பு." எல்லா மகன்களும் சொல்வதுதான். ஆனாலும் நீ சொல்லும்போது குரல் உடைந்தது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். என் தம்பி ஆளாகிவிட்டான் என்று நினைத்தேன்.

போன செவ்வாய் சுடலை அண்ணன் மனைவி கருத்தம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். அழவில்லை. "எம் புருஷன் நல்லவருன்னு சொல்ல வரல தாயி. மொதலாளி சொல்லாம ஒரு எடத்துக்காவது அவிய போயிருப்பாவளா?" என்றார். ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கப் போனபோது அண்ணன் சொல்லச் சொல்ல எழுதி வந்த தாள் ஒன்றைக் கொடுத்தார். பதினான்கு பெயர்கள். நீ கிழித்த கட்டுக்குள் இல்லாத பத்திரங்கள். யாரிடம் எதற்காக வாங்கியது, யாரிடம் அநியாயமாக வாங்கியது என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இருக்கிறது. இவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் முதலாளிக்குக் கபுர்க் குழியில் நிம்மதி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தன் ஜாமீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டட்லியும் சிறையில் இருந்துகொண்டு இதையேதான் செய்தான். ராஜா அநியாயமாகப் பத்திரம் வாங்கியவர்களின் பெயர்களை எழுதி, ராஜாவின் ஆன்மாவுக்காக அவர்களுக்கு ஈடு செய்யுங்கள் என்று கொடுத்தான். அதைப் பாடத்தில் சொல்லும்போது எனக்கு ஒரு சுவாரசியமான தகவல், அவ்வளவுதான். கருத்தம்மா அக்கா கொண்டுவந்த தாளை மூன்று முறை படித்துவிட்டுச் சாவியைத் தேடினேன்.

அத்தாவின் உள்ரூம் பீரோவைத் திறந்தேன். பதினான்கும் இருந்தன. எல்லாம் என் கையெழுத்து. 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி என் சொந்த விருப்பத்தின்பேரில்' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். பதினைந்து வயதிலிருந்து அத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று தலையைத் தடவுவார். அடியில் பதினைந்தாவதாக ஒன்று இருந்தது. அது அத்தாவே எழுதியது. பத்தொன்பது வருடப் பழசு. வேலையை விட்டுப் போனால் மூன்று லட்சம் கட்டுவேன் என்று எழுதி, கீழே சுடலை அண்ணனின் கையெழுத்து. அந்த மூன்று லட்சத்துக்கு அந்த மனிதர் எங்கே போவார்? தாளில் தன் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவர் ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது. வக்கீல் அழகுமலையிடம் பேசிவிட்டேன். பத்திரங்களை எழுதியது நான், எழுதச் சொன்னது என் தகப்பனார், மெஷின்கள் எங்கள் ஷெட்டில் இருக்கின்றன என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். "மவுத்தானவர் பேரை எடுக்காதே ரிஃபானா" என்றார். பிறகு என்னோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

அதற்கு முன் நீ ஒன்று செய்யலாம். முனீஸுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்று, இன்ஸ்பெக்டருக்கு உண்மையையும் எழுது. மகனாக நீ சொன்னால் அது அத்தாவின் கடனைத் தீர்ப்பது. மகளாக நான் சொன்னால் ஊர் வேறு பெயர் வைக்கும். வைத்தால் வைக்கட்டும். எனக்கு அதில் பயம் இல்லை என்று எழுத ஆசைதான், இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நேரான நாக்கையும் தரட்டும். பரீட்சையை நன்றாக எழுது. வியாழன் காலை பத்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவேன். உனக்கு அப்போது விடிந்திருக்காது. பரவாயில்லை, எழுந்து போன் செய்டா.

உன் அக்கா
ரிஃபானா