பெரிய டிரம்மும் வாடகை வீடும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடியக்காலையே காத்து. பார்க் பூராவும் வேப்பஞ்சருகு. சக்கர மாத்திரை போட்டுட்டு ஆறரைக்குப் பயிற்சிக்குப் போயிட்டேன். பேண்டுல சேந்து இன்னையோட பதினோரு ஞாயிறு.

மொத்தம் பதினாலு பேரு. எல்லாரும் நாப்பதுக்கு மேல. ரிட்டயர்டு ஆனவங்க, கடை வச்சிருக்கவங்க. சைடு டிரம் டெய்லர் சாந்தி. மாஸ்டர் பள்ளிக்கூடத்துல பேண்டு சொல்லிக் குடுத்து ரிட்டயர்டு ஆனவரு. கிளாரினெட்டுல முன்னால நிக்கிறவரு எங்க ஹவுஸ் ஓனர். அவர் கீழ் வீடு, நாங்க மாடி. பெரிய டிரம் நான்.

15ஆம் தேதி பார்க்குல கொடி ஏத்துறாங்க. மத்தவங்க கொடிக்கம்பத்தச் சுத்தி நடந்துக்கிட்டே வாசிக்கணும். நான் நடுவுல ஸ்டாண்டு போட்டு அடிக்கணும். என் அடியில்லாம யாரும் கால எடுத்து வைக்க முடியாது. மாஸ்டர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு, "அம்மாவப் பாருங்க, கடிகாரம்."

சாந்தி: "கடிகாரத்துக்கு சுகர் இருக்கு சார். எட்டு மணிக்குள்ள இட்லி போடணும்."

சிரிப்பு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

மாஸ்டர் ஒருத்தரோட டிரம்பெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தாரு. குச்சியக் கையில வச்சுக்கிட்டு சும்மா நிக்க எனக்கு வராது. எங்கயோ பாத்துக்கிட்டு மெதுவா அடிச்சுக்கிட்டு இருந்தேன். என்ன அடிக்கிறோம்னு நெனப்பே இல்ல. நிமிந்தா ஓனர் கிளாரினெட்ட இறக்கிட்டு என்னையவே பாக்குறாரு. அப்பத்தான் எனக்கே காதுல விழுந்துச்சு. சாவு அடி. வாசல்லருந்து பொணத்தத் தூக்குறப்ப அடிக்கிறது.

"மதினி, இத எங்க பழகுனீங்க?"

"சும்மா, கை போன போக்குல."

"எங்க ஐயாவத் தூக்குறப்ப கேட்டது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் கேக்குறேன்." கிளாரினெட்ட ஒரு தடவ தொடச்சாரு. அப்புறம், "ஊரு திருவாதவூர்ப் பக்கம்னு உங்க மகன் சொன்னாரு. ஊருக்குள்ள எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

என்ன கேக்குறாருன்னு எனக்குத் தெரியாதா.

"கம்மாக்கரைப் பக்கம்"னேன்.

கம்மாக்கரை எல்லா ஊர்லயும் இருக்கு. அங்க யாரு வேணா இருக்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். வாங்க வேண்டியது: கேப்பை மாவு, சின்ன வெங்காயம், உப்பு, காவ்யாவுக்கு கிராப் நோட்டு.

காவ்யா என் பேத்தி. பத்தாவது. கணக்குல நூத்துக்கு நூறு, வகுப்புலயே மொத. இந்த டைரியும் அது குடுத்ததுதான். படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துச்சு.

நான் படிச்சது அஞ்சாவது. எங்க அய்யா ஊருக்கு மோளம் அடிச்சவரு. கூப்பிட்டா போகணும், காய்ச்சல்னாலும். தோல் காய வைக்க வைக்கோல் கொளுத்துறது என் வேலை. என்னைய ஆறாவதுல சேக்குறதா இருந்த அன்னைக்கு மேலத்தெருவுல ஒரு சாவு. வைக்கோலத் தூக்கிக்கிட்டு அய்யா பின்னாடி போனேன். அதோட சரி, என்னைய யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகல.

எங்க அண்ணன் தலையெடுத்தப்புறம் ஒரு நா மோளத்த எடுத்து அடுப்புல வச்சான். இனி இந்த வீட்லருந்து ஒருத்தரும் போகக் கூடாதுன்னான். அய்யா பாத்துக்கிட்டு நின்னாரு. தடுக்கல.

அப்படி விட்டுட்டு வந்தத நான் எதுக்குப் போய்த் தொட்டேன். ராத்திரி பூரா இதே யோசன. மே மாசம் டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு பார்க்குக்குப் போனேன். பெரிய டிரம் ஆளில்லாம நின்னுச்சு. லேசாத் தட்டிப் பாத்தேன். மாஸ்டர் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு "உக்காருங்கம்மா"ன்னாரு.

எங்க அய்யாவுக்கு யாரும் நாற்காலி போட்டதில்ல. அம்புட்டுத்தான். வேற காரணம் தெரியல.

ஆகஸ்ட் 6, புதன்

செல்வம் ஆபீஸ்லருந்து வந்து சட்டையக் கூட மாத்தல. என் முன்னால வந்து நின்னான். எம்மகன் அதிகம் பேசாதவன்.

"அம்மா, பேண்டு போதும்மா."

"யாரு சொன்னா?"

"ஓனர் கேட்டாரு. வண்டி எடுக்கையில. அம்மா நல்லா அடிக்கிறாங்களே தம்பி, பழக்கம் உண்டோன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு."

"என்கிட்டயும் எந்தப் பக்கம்னு கேட்டாரு. நீ சொன்ன மேலத்தெருவச் சொல்ல வாய் வரல. கம்மாக்கரைன்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன்."

"நான் மேலத்தெருன்னு சொல்லித்தான் இந்த வீட்டப் பிடிச்சேன். உனக்குத் தெரியும். ஏழு வீடு பாத்தோம். ஆறு வீட்ல ஊரக் கேட்டுட்டு, அப்புறம் சொல்லி அனுப்புறோம்னாங்க. யாரு சொல்லி அனுப்புனா? பாப்பாவுக்கு மார்ச்ல பரீச்சை. ஸ்கூல் நடந்து போற தூரம். அதுவரைக்கும் இங்க இருக்க விடு."

அவன் சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான். அரசாங்க உத்தியோகம் பாக்குறவன். சின்னப் பிள்ளையா இருந்தப்ப பசின்னு கேக்க வெக்கப்பட்டு இப்படித்தான் நிப்பான்.

சரின்னேன். மாஸ்டருக்குப் போன் போட்டு முட்டி வலின்னேன். முட்டி நல்லாத்தான் இருக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சினேன். கட்டி தட்டல. ஓனர் வீட்டுக்கு ஒரு தூக்குல குடுத்து விட்டேன். போன வருசம் அவர் சம்சாரம் ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சாக. தூக்கு திரும்பி வரையில உள்ள முருங்கைக்காய் இருந்துச்சு.

மத்தியானம் துணி காயப்போடப் போனேன். தூக்கு எங்க படியில இருக்கு. தொறந்து பாத்தேன். வச்ச கூழு வச்சபடி.

அவுகளுக்குச் சுகர் ஏறிருச்சோ என்னமோ. அப்படியே நெனச்சுக்குவோம்.

சாயங்காலம் ஓனர் மாடிப்படிக்கிட்ட வந்தாரு. "இந்தாங்க, மோட்டார் போட்டுருக்கேன், தண்ணி பிடிச்சுக்கங்க."

மதினின்னு சொல்லல. ரெண்டு வருசமா மதினி. இன்னைக்கு இந்தாங்க.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகம் போட்டு மழை இல்ல. ஆறரை மணிக்கு மொட்டை மாடியில நின்னேன். காத்து இங்கிட்டு அடிக்கவும் பேண்டு நல்லாக் கேட்டுச்சு. என்னத்தச் சொல்ல. பந்திக்கு ஓடுற மாதிரி ஓடுறாங்க. கைப்பிடிச் சுவத்துல விரல வச்சு நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அவங்க எங்கயோ, நான் எங்கயோ. செல்வம் பல் விளக்க வந்தவன் என் விரலப் பாத்துட்டுக் கீழ போயிட்டான்.

பத்து மணிக்கு சாந்தி வந்துச்சு. ஜாக்கெட்டு குடுக்க வந்தேன்னுச்சு. வேவு பாக்கத்தான்.

"யக்கா, ஜால்ரா அடிக்கிறவர உங்க டிரம்முல விட்டாரு மாஸ்டர். மனுசன் கொசு அடிக்கிற மாதிரி அடிக்கிறாரு."

"ஓனர் ஏதும் சொன்னாரா?"

"அவரு என்ன சொல்லுவாரு, மூச்சு வாங்க ஓடுறாரு. ஆமா, முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?"

வாய்ல வந்துருச்சு. சாந்தி என்னைய ஒரு பார்வ பாத்துச்சு. "சரிக்கா, எந்த முட்டின்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க"ன்னு போயிருச்சு.

அதுகிட்டச் சொல்லிருக்கலாம். சொல்லல.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில், பயங்கரப் புழுக்கம். காவ்யா பள்ளிக்கூடம் விட்டு வந்துச்சு. கையில ஒரு முறுக்கு.

"ஏதுடி?"

"கீழ ஆச்சி குடுத்தாங்க. கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுனாங்க அப்பத்தா."

"என்ன பேசுனாங்க?"

"பரீச்சையப் பத்தி. அப்புறம், நீங்க ஊருல எந்தப் பக்கம்னு."

"நீ என்ன சொன்ன?"

"கம்மாக்கரைப் பக்கம்னேன்."

முறுக்கக் கடிச்சுக்கிட்டே சொல்லுது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாரும் இல்ல. நீ அப்பாட்ட சொன்னேல்ல, அப்படிச் சொல்லித் தப்பிச்சேன்னு. நல்ல ஐடியா அப்பத்தா. பொய்யும் கெடையாது."

கை கழுவப் போயிருச்சு. நான் அப்படியே உக்காந்துட்டேன்.

அந்தக் கம்மாக்கரைய அது ஒரு நாளும் பாத்ததில்ல. கண்ணுல ஒரு தயக்கம் இல்ல, குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. கணக்குல நூறு வாங்குற பிள்ளைக்கு இதையும் ஒரே தடவையில கத்துக் குடுத்துட்டேன். எங்க அய்யா இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னாரு. ஆனா இன்னாருன்னு தெரிஞ்சு நின்னாரு. இது ஒளிஞ்சு நிக்கப் பழகுது. அதுவும் என்கிட்டருந்து.

மாஸ்டருக்குப் போன் போட்டேன். முட்டி சரியாயிருச்சுன்னேன். "நல்லதும்மா, நீங்க வந்தாப் போதும்"னாரு.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் தூறல். சாப்பிடையில செல்வத்துகிட்டச் சொன்னேன். "நாளைக்குப் போறேன். ஓனர் கேட்டதுக்கும் பதில் சொல்லிட்டு வாரேன்."

கை சோத்துலயே நின்னுருச்சு. "அப்ப, சாமானக் கட்டச் சொல்றியா?"

"கட்டணும்னா நானும் சேந்து கட்டுறேன்."

"உனக்கு இந்த டிரம்மு அம்புட்டு முக்கியமாப் போச்சா?"

"டிரம்முக்காக இல்லடா. பாப்பா கீழ என்ன சொல்லிட்டு வந்துருக்குன்னு கேளு."

கேட்டான். காவ்யா சொல்லுச்சு. அவன் தட்டத் தள்ளி வச்சுட்டுக் கை கழுவப் போனான். கொழாயத் தொறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்னான்.

பேண்டு யூனிபார்ம் வெள்ளச் சேலை, பச்சைக் கரை. மருமக மலர் இஸ்திரி போட்டு என் கட்டில்ல வச்சிருக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தரை ஈரம். மழை விட்டுருச்சு. ஆறு மணிக்கே போயிட்டேன். ஓனர் எனக்கு முன்னாடி வந்து, கிளாரினெட்டு ரீட, நாயனத்துச் சீவாளி மாதிரி இருக்கும், அத வாயில வச்சு நனைச்சுக்கிட்டு உக்காந்துருக்காரு. வேற ஆளில்ல.

"அண்ணே, அன்னைக்குக் கேட்டீங்கள்ல. கம்மாக்கரை இல்ல, கீழத்தெரு. எங்க அய்யா ஊருக்கு அடிச்சவரு. நீங்க கேட்ட அடி அவருதுதான்."

ரீட வாயிலருந்து எடுக்கல. பேசாம இருக்க அது ஒரு சாக்கு.

"வீட்டப் பத்திச் சொல்றதுன்னா என்கிட்டச் சொல்லுங்க. பேத்திகிட்ட இனி எதுவும் கேக்க வேணாம்னு வீட்லயும் சொல்லிருங்க."

குரல் நடுங்குச்சு. நடுங்கலன்னு எழுத ஆசதான். மாஸ்டர் வந்துட்டாரு.

கொடி ஏறுச்சு. பூவு பாதி அதுலயே சிக்கிக்கிச்சு. மாஸ்டர் கைய ஒசத்துனாரு. அடிச்சேன். பன்னெண்டு நாளு தொடாத கை, ஒரு அடி கூடப் பிசகல. பதிமூணு பேரும் கால எடுத்து வச்சாங்க. ஓனர் என் முன்னால சுத்தி வரையில தலை நிமிரல. ஆனா அவரு வெள்ள ஷூ என் அடியிலதான் விழுந்துச்சு. இடது, வலது, இடது. ஒரு சுத்து முடியிற வரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

வேலிக்கிட்ட காவ்யா, கூட நாலு பிள்ளைக. "எங்க அப்பத்தா"ன்னு காட்டுது. டீக்கடை ஓரத்துல ஒரு வண்டி நின்னுச்சு. ஹெல்மெட்டக் கழட்டல. வண்டி நம்பர வச்சுத்தான் தெரிஞ்சுச்சு, செல்வம்.

பதினோரு மணிக்கு ஓனர் மாடிப்படி வரைக்கும் வந்தாரு. உள்ள வரல.

"பிள்ள பரீச்சைய முடிக்கட்டும். ஏப்ரல்ல வேற வீடு பாத்துக்கங்க. என் வீட்ல ஒத்துக்க மாட்டேங்குறா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

படியவே பாத்தாரு. "பேண்டுக்கு வாங்க. அது வேற, இது வேற."

"ரெண்டுலயும் நான்தானே இருக்கேன் அண்ணே."

இறங்கிப் போயிட்டாரு. மதினின்னும் சொல்லல, இந்தாங்கன்னும் சொல்லல.

செல்வம் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுருக்கான். "எட்டாவது வீடு பாக்கணும்"னான்.

"அங்க எந்தப் பக்கம்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியலம்மா"ன்னான். கோவமாச் சொல்லல.

ஞாயித்துக்கிழமை ஆறரைக்குப் பயிற்சி. குச்சித் தலையில சுத்துன துணி கிழிஞ்சிருச்சு. பழைய சேலையில ஒரு பட்ட கிழிச்சு வைக்கணும்.