பானெட்டில் தெரியும் சிவப்பு

வக்குவா, சனிக்கிழமை

சோறும் தக்காளி ருகாய்க் குழம்பும் அடுப்பின் மேல் இருக்கின்றன. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

நாளை விருந்துக்கு வரும் உங்கள் மேலதிகாரி முசியே மார்செல் நீலக் கட்சி என்பதற்காக, வெளுத்துப்போன நம் நீலக் காருக்கு மிஷின் வைத்துப் பாலிஷ் போட்டீர்கள். ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள் என்றேன். "உனக்கு இலக்கியம்தான் தெரியும்" என்றீர்கள். இப்போது பானெட் முனையில் நீலம் தேய்ந்துபோய், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு அடிப்பூச்சு தெரிகிறது.

நீங்கள் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் தனராஜ் அண்ணன் வந்தார். அவர் சிவப்புக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். "மாப்பிள்ளை நம்ம ஆளு! நீலத்தைச் சுரண்டியே காட்டிட்டாரு பாரு" என்றார். நாளைய தேர்தல் ஊர்வலத்தில் நம் கார்தான் முன்னால் போகுமாம். பதினொரு மணிக்குக் கொடியோடு வருவார். முசியே மார்செல் வருவதும் பதினொரு மணிக்குத்தான்.

அண்ணனிடம் உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை. நமக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் உங்கள் ஓட்டு யாருக்கு என்று என்னிடம்கூட நீங்கள் சொன்னதில்லை.

நான் ரோஸ் ஹில்லுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளை இரவு வருவேன்.

கோகிலம்

கொட்டகையில் நீலப் பெயின்ட்டும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது.

எதையும் பூச மாட்டீர்கள் என்று தெரியும். காரை மூடுவதற்குப் பெரிய விரிப்பைத் துவைத்து, மடித்து, கட்டில் மேல் வைத்திருக்கிறேன்.