ஏலக்காய் அறையில் ஆறு பெட்டிகள்

7 ஒக்டோபர் 1935, திங்கள்

காலேஜ் விட்டதும் மழையில் ஓட்டம். ஸ்டோர் வாசலில் காளிமுத்து அண்ணன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். "என்ன காலேஜு, படிச்ச இங்கிலீசெல்லாம் நனைஞ்சிருச்சா?" மூட்டை தூக்கும் நாட்டாமி அவர். இரண்டு வருடமாக இரண்டு பேரும் இதே ஸ்டோரில்தான் படுக்கிறோம். ஒரு நாள்கூட வீரபத்திரன் என்று என்னைக் கூப்பிட்டதில்லை.

இன்று எங்கள் தோட்டத்திலிருந்து ஆறு தேயிலைப் பெட்டிகள் வந்தன. கொழும்புக்கு ரயிலேற வேண்டியவை. எண்ணி எழுதிக்கொண்டேன். அம்மா கிள்ளிய கொழுந்தும் அதில் கொஞ்சம் இருக்கும்.

பிரின்சிபல் மறுபடி எச்சரித்தார். நவம்பர் முப்பதுக்குள் தவணைக் காசு கட்டாதவன் டிசம்பரில் சீனியர் சோதனைக்கு உட்கார முடியாது. எனக்கென்ன, முதலாளி கட்டுவார். சாஹுல் ஹமீது முதலாளி என் கையில் சம்பளம் தருவதில்லை. தவணைக்குத் தவணை நேரே காலேஜில் கட்டிவிடுவார். அதற்காகப் பின்னேரங்களிலும் சனிக்கிழமையும் நான் மூட்டை எண்ணுகிறேன். அவருக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை வாசித்துச் சொல்லி, அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுகிறேன். தமிழும் அரபும் தெரிந்த மனுஷர், இங்கிலீஷில் ஒரு எழுத்தும் தெரியாது.

இந்த ஸ்டோர் இல்லையென்றால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் ஹந்தானை மலையில் அப்பாவுக்குப் பின்னால், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நிற்க வேண்டியதுதான்.

9 ஒக்டோபர், புதன்

மண் சரிந்து கொழும்பு ரயில் நின்றுவிட்டது. ஆறு பெட்டியும் இங்கேயே கிடக்கின்றன. காளிமுத்து அண்ணன் நாவலப்பிட்டிக்குப் போய்விட்டார். மகள் அங்கம்மாவுக்குத் தலைப்பிரசவம். "பேரன் பொறந்தா உனக்கு மிட்டாய், பேத்தி பொறந்தா ரெண்டு மிட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

11 ஒக்டோபர், வெள்ளி

மழை கொட்டித் தீர்க்கிறது. முதலாளி ஜும்ஆத் தொழுகை முடிந்து அப்படியே கெலிஓயாவில் உள்ள சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். நான் வந்து பார்த்தால் தேயிலை அறையின் கூரை ஒழுகுகிறது — பெட்டிகள் மேலேயே! ஸ்டோரில் ஒரு குருவிகூட இல்லை. தனியாக இழுத்தேன். ஈரமில்லாத இடம் ஏலக்காய் மூட்டை அறை ஒன்றுதான். ஆறையும் அங்கே சேர்த்துவிட்டேன்.

உள்ளே தண்ணீர் போயிருக்குமோ என்று பயம் வந்துவிட்டது. காளிமுத்து அண்ணனின் சுத்தியலும் உளியும் எடுத்து மூடிகளைக் கழற்றி, உள்ளிருந்த ஈயத்தாளையும் கீறிப் பார்த்தேன். இரண்டில் ஓரம் மட்டும் ஈரம். ஆறையும் காயட்டும் என்று திறந்தே வைத்திருக்கிறேன். முதலாளியைக் கேட்காமல் பெட்டியைத் திறந்தது தப்புத்தான். ஆனால் நனைய விட்டிருந்தால் அது பெரிய தப்பில்லையா?

14 ஒக்டோபர், திங்கள்

நேற்று ஞாயிறாக இருந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டிகளை மூடி, ஆணியடித்து, பழைய அறைக்கே இழுத்து வைத்தேன். மூடும்போது தேயிலையில் ஏலக்காய் வாசம் தூக்கியடித்தது. நல்லதாய்ப் போயிற்று என்று சிரித்துக்கொண்டேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தீபாவளிக்குத்தானே ஏலக்காய்த் தேயிலை! வெள்ளைக்காரனும் ஒரு நாள் குடிக்கட்டும்.

பாதை சரியாகி, இன்று காலை ரயிலில் ஏற்றியாயிற்று. முதலாளி வந்தபோது பெட்டியைத் திறந்ததை நான் சொல்லவில்லை. காளிமுத்து அண்ணன் திரும்பிவிட்டார். பேரன். ஒரு மிட்டாய்.

17 ஒக்டோபர், வியாழன்

இன்று வகுப்பில் கேட்டதை எழுதாமல் தூங்க முடியாது. 

ராஜரத்தினம் மாஸ்டர் வகுப்பில் மரக்கரியைப் பற்றிச் சொன்னார். கரி எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளுமாம். அதோடு விட்டிருக்கலாம். "காய்ஞ்ச தேயிலையும் அப்பிடித்தான். பக்கத்தில என்ன கிடக்குதோ அதின்ர வாசத்தைக் குடிச்சிடும். அதுக்குப் பிறகு கொழும்பில ஒருத்தனும் வாங்கான். அதாலதான் ஈயத்தாள் சுத்தி ஒட்டுறவை." பிறகு என்னைப் பார்த்தார். "ஓம், வீரபத்திரன், நீர் தோட்டத்துப் பிள்ளையெல்லோ. உமக்கு இது தெரிஞ்சிருக்குமே?"

தெரியும் சேர் என்றேன்.

எங்கிருந்து தெரியும்? அம்மா இருபது வருடம் கொழுந்து கிள்ளியிருக்கிறாள். பெட்டிக்குள் போகிற தேயிலையை எங்கள் லயத்தில் யார் கண்டது? எங்களுக்குக் கிடைப்பது கழித்துப் போட்ட தூள். அதில் ஏலக்காய் விழுந்தால் அன்றைக்குத் திருநாள். தேயிலைக்கென்று தனி அறை வைத்திருப்பது ஈரத்துக்காக என்றல்லவா நான் நினைத்திருந்தேன். மடையா, மடையா.

18 ஒக்டோபர்

ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் ஏன் சோறு இறங்கவில்லை?

26 ஒக்டோபர், தீபாவளி

வீட்டுக்குப் போனேன். வாசலில் ஏறும்போதே வாசம் வந்துவிட்டது. அம்மா சிரட்டையில் தேத்தண்ணியைக் கருப்பட்டியோடு நீட்டினாள். "குடிடா. ஒனக்குன்னு நாலு ஏலக்கா தட்டிப் போட்டிருக்கேன்."

வாயருகே கொண்டுபோனேன். குமட்டிவிட்டது. வெளியே ஓடிப் போய் நின்றேன். காய்ச்சலா, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சொல்லிவிடலாமா? எப்படிச் சொல்வது — நான் கெடுத்தது உன் தோட்டத்துத் தேயிலை என்றா? தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலையை விட்டு நீக்கும் பத்துச்சீட்டுத்தான். போன வருடம் எங்கள் லயத்துக் காளியம்மா குடும்பத்துக்குப் பத்துச்சீட்டு கொடுத்து, அன்றைக்கே லயத்துக் கதவைப் பூட்டினார்கள். மழையில் சட்டி பானையோடு நின்றார்கள்.

6 நவம்பர், புதன்

வந்துவிட்டது.

இரண்டு கடிதம், இரண்டும் இங்கிலீஷ். முதலாளி உறையைக் கிழித்து என்னிடம் நீட்டினார். நின்றபடியே தமிழில் சொன்னேன். கொழும்பில் தேயிலை விற்றுத் தரும் தரகர் எழுதியது: ஆறு பெட்டியிலும் ஈயத்தாள் கீறப்பட்டு, மூடி மறுபடி அறையப்பட்டிருக்கிறது. தேயிலையில் ஏலக்காய் வாசம். வாங்க ஆளில்லை, திருப்பி அனுப்புகிறோம். துரை எழுதியது: பெட்டியைத் திறந்த திருடன் யார்? பேர் வேண்டும். பேர் வராவிட்டால் இனி உங்கள் ஸ்டோருக்கு ஒரு பெட்டியும் வராது.

"திருடன்" என்று நான்தான் வாசித்தேன். என் வாயால்.

முதலாளி இரண்டு கடிதத்தையும் வாங்கி மடித்தார். பிறகு, "சுத்தியல் ஆருட கையில ஈக்கி?" என்றார்.

7 நவம்பர், வியாழன்

காளிமுத்து அண்ணனை நிறுத்திவிட்டார். பெட்டி வந்த இரண்டு நாளும் அவர்தான் கூட இருந்தாராம், மூன்றாம் நாள் ஊருக்கு ஓடினாராம். தேயிலையைக் களவாடி விற்றுத்தான் பிரசவச் செலவு பார்த்தாராம்.

"பொறந்து ஒரு மாசம் ஆகாத பேரன் மேல சத்தியம் முதலாளி, நான் தொடல" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "காலேஜு, நீ சொல்லேன். நான் அப்படிப்பட்டவனா?"

நான் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் முதலாளி என்னை உட்காரச் சொன்னார். "துரைக்கு எழுது. பெட்டியத் திறந்தவன் நாட்டாமி காளிமுத்து. அவன விரட்டியாச்சி. பொலிசுக்கும் சொல்லலாம் எண்டு எழுது."

எழுதினேன். அண்ணன் பேரில் கே என்ற முதல் எழுத்தும் அடுத்த எழுத்தும் எழுதினேன். பொலிஸ்! சத்தியமாக அதற்கு மேல் கை போகவில்லை. மை சிந்திவிட்டது முதலாளி, வேறு தாள் தாங்க என்றேன். அடுத்த தாளில், பெட்டியைத் திறந்தவன் ஸ்டோரில் எழுத்து வேலை செய்யும் வீரபத்திரன், மழைக்குப் பயந்து திறந்தான், எதையும் எடுக்கவில்லை என்று எழுதினேன். முதலாளி அதன் கீழே தமிழில் கையெழுத்து வைத்தார். என்ன எழுதியிருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

நானே தபாற்கந்தோரில் போட்டேன். போட்ட மறு நிமிஷம் பயம் பிடித்துக்கொண்டது. திருப்பித் தாங்க ஐயா என்று கெஞ்சினேன். போட்டது போட்டதுதான் என்றார் உள்ளே இருந்தவர்.

என்ன செய்துவிட்டேன்? முதலாளியிடம் நேரே சொல்ல வாய் இல்லாதவன் இப்படி ஒளிந்து நின்றா உண்மை பேசுவது?

10 நவம்பர், ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

"பத்துச்சீட்டுக் குடுத்துருவாங்கம்மா" என்று அழுதேன்.

"குடுத்தா குடுக்கட்டும். இந்த லயத்துல எல்லாரும் அத வாங்கிக்கிட்டுப் போயி, என்ன எழுதியிருக்குன்னு கணக்கப்பிள்ளகிட்டக் கேப்பாங்க. நமக்கு வீட்டுலயே ஆளிருக்கு. வாசிச்சுச் சொல்லிட்டு மூட்டயத் தூக்கு." கூடையிலிருந்து எழுந்துகொண்டே, "அந்தக் காளிமுத்து இப்ப எங்கடா சாப்புடுறான்?" என்றாள்.

நாளைக்கே விசாரிக்க வேண்டும்.

13 நவம்பர்

கெலிஓயாவில் அரிசிக் கடையொன்றில் அண்ணன் கூலிக்கு மூட்டை இறக்குகிறாராம். திருடன் என்று கேள்விப்பட்டுப் பாதிக் கூலிதான் தருகிறார்களாம். தபால்காரரைக் கண்டாலே உள் அறைக்குள் போய்விடுகிறேன்.

18 நவம்பர், திங்கள்

துரையின் பதில். முதலாளி கதிரையில் சாய்ந்துகொண்டு, "வாசி மகன்" என்றார்.

பொய்யாக வாசித்திருக்கலாம். ஏதோ சொல்லி மடித்து வைத்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நினைப்பு வந்தது. வரவில்லை என்று எழுதமாட்டேன்.

வாசித்தேன். "ஆறு பெட்டியின் பெறுமதியை ஸ்டோர்காரர் கட்ட வேண்டும். எங்கள் பெட்டிகள் இருக்கும் இடத்தில் வீரபத்திரன் என்ற அந்தப் பையன் இனி நிற்கக் கூடாது."

முதலாளி நிமிர்ந்தார். "ஆரு?"

"நான்தான், முதலாளி. நீங்க காளிமுத்துன்னு சொன்னீங்க. நான் என் பேர எழுதிட்டேன்."

"நீயே எழுதி, நீயே வாசிக்கிறியா? என்ட கையெழுத்துக்கு மேல?" மேசையில் ஓங்கி அடித்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கூரை, உளி, ஏலக்காய், நல்ல வாசம்தானே என்று நினைத்தது. அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அல்லாஹ்வே. ஒரு பாவமும் செய்யாத மனுசனத் திருடன் எண்டேனே. அண்டைக்கே வாயத் திறந்தா ஒனக்கென்ன?"

உடனே கெலிஓயாவுக்கு வண்டி அனுப்பினார். பிறகு மெதுவாக, "தவணைக் காசு இந்த முற இல்ல. அது பெட்டிக்குப் போவுது" என்றார்.

19 நவம்பர்

அண்ணன் திரும்பி வந்துவிட்டார். என்னிடம் விலகு என்றுகூடச் சொல்லவில்லை. மாலையில் ஒரு தடவை மட்டும், "வீரபத்திரன், அந்தக் கயித்த எடு" என்றார்.

என் பேர் இவ்வளவு வலிக்கும் என்று நினைக்கவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் வைத்துக் கணக்கப்பிள்ளை அப்பாவிடம், "அந்தப் பையன் ஒன் மகனா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றாராம் அப்பா. பத்துச்சீட்டு வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு வாரம் அரைப்பேர் போட்டார்கள், அதாவது முழு நாள் வேலைக்கு அரைச் சம்பளம். அம்மாவின் விரல்களைப் பார்க்கத் துணிவில்லை.

30 நவம்பர், சனி

கடைசி நாள். சோதனைப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டார்கள்.

2 டிசம்பர், திங்கள்

திரும்பி வந்த தேயிலையில் முதலாளி ஒரு பிடி கொண்டுபோய்ச் சகோதரி உம்மு குல்சும் வீட்டில் நோன்பு திறக்கக் கொடுத்தாராம், எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க. அந்த அம்மா இரண்டாம் கோப்பை கேட்டிருக்கிறார். "இந்தத் தேத்தண்ணி எங்க வாங்கின? அடுத்த வீட்டுக்கும் வேணுமாம்."

"ஆறு பெட்டி ஈக்கி" என்று முதலாளி என்னைப் பார்த்தார். "பொட்டலம் கட்டு. நீ கெடுத்தது, நீயே வித்துட்டு வா. கடனும் தீரும், காலேஜ் காசும் அதுலயே பாரு."

16 டிசம்பர், திங்கள்

பத்து மணிக்குக் கணிதச் சோதனை. பத்து மணிக்கு நான் கெலிஓயாக் கடைத்தெருவில் பொட்டலக் கூடையோடு நின்றேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவன் இந்நேரம் முதல் கேள்வியை வாசித்துக்கொண்டிருப்பான். "தம்பி, ரெண்டு தாங்க" என்றார் ஒருவர். கொடுத்தேன். பின்னேர அசர் தொழுகைக்கு முன் கூடை காலி.

28 டிசம்பர், நோன்புப் பெருநாள்

ஐந்தாவது பெட்டியின் அடியும் தெரிந்துவிட்டது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகு என்னை எதற்கு வைத்திருப்பார்?

2 ஜனவரி 1936, வியாழன்

முதலாளி வேறு தோட்டத்திலிருந்து தன் காசில் இரண்டு பெட்டி வாங்கி வந்தார். சாவியை என் கையில் தந்தார். "ஏலக்கா அறையில தெறந்து வை. எத்தின நாள் வெச்ச?"

"மூணு நாள், முதலாளி."

"அப்ப மூணு நாள்."

தவணைக் காசை நேற்றே கட்டிவிட்டேன். இந்த முறை என் கையாலேயே. சோதனை இனி வருகிற டிசம்பரில்தான். அதற்குள் என்னவெல்லாம் வருமோ. துரையின் பெட்டிகள் வரும் நாளில் நான் ஸ்டோர்ப் பக்கம் தலை காட்டக் கூடாது.

உளியை எடுத்து மூடியில் வைத்தேன். எத்தனை தடவை வைத்தாலும் ஆணியில் பிடிக்கவில்லை. பின்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த காளிமுத்து அண்ணன் வந்து, உளியின் நுனியைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்.

"என்ன காலேஜு," என்றார், "கேட்டுட்டுத்தானே தெறக்குற?"