வலை கட்டிய அறை

மார்ச் 4

அன்புள்ள குழாய்க்காரருக்கு,

நலம்தானே? நானும் அத்தையும் நலம். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் இந்தப் பக்கம் உங்கள் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் உங்கள் விடுதியில் அத்தனை பேரும் கட்டிலில் படுத்தபடி கேட்டுச் சிரிக்கிறார்கள். நீங்களும் எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.

விஷயம் இதுதான். ஜனவரியில் நீங்கள் வந்துவிட்டுப் போனது வீண்போகவில்லை. ஆஸ்பத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருடத்துக்கு அப்புறம். அத்தையிடம் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவினார். பிறகு, "இனிமே அந்தத் தையல் மிஷினை நீ மிதிக்கக் கூடாது" என்றார். பள்ளிக்கூடச் சீருடைகளை யார் தைத்துக் கொடுப்பது என்று கேட்டேன். "பசங்க பழசையே போட்டுக்கட்டும்" என்றார்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. என் விவரங்களை எழுதிய நர்ஸ், புருஷனுக்கு எங்கே வேலை என்று கேட்டார். கப்பல் கட்டும் இடத்தில் குழாய் பொருத்துகிறார் என்று ஊரைச் சொன்னேன். பேனா அப்படியே நின்றது. அங்கே கொசுவால் ஜிகா என்று ஒரு காய்ச்சல் பரவுகிறதாம். உங்களுக்கு ஏதாவது வந்ததா என்று கேட்கச் சொன்னார். மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
சுருட்டை

மார்ச் 13

என் சுருட்டைக்கு,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் கொண்டுபோய்ப் படித்தேன். வரிசையில் நின்றவன் கதவை உடைக்கிற மாதிரி தட்டினான். "அப்பா ஆகப்போறேன்டா, கொஞ்சம் பொறு" என்றேன். அன்றைக்கு எல்லாருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

காய்ச்சலா? அதைப் போய்க் காய்ச்சல் என்றால் காய்ச்சலே கோபித்துக்கொள்ளும். ஊருக்கு வருவதற்கு முந்தின வாரம் உடம்பு லேசாகச் சுட்டது, கண் சிவந்தது, நெஞ்சில் சிவப்பாகத் தடித்தது. வேர்க்குரு என்று மேஸ்திரி சொன்னார். நான் லீவுகூடப் போடவில்லை. இங்கே பாதிப் பேருக்கு வந்து போயிற்று. நான் எப்படி வந்து இறங்கினேன் என்று நீதான் பார்த்தாயே, குத்துக்கல் மாதிரி.

ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து உன் பக்கத்திலேயே கிடக்கப்போகிறேன்.

உன்
குழாய்க்காரன்

மார்ச் 24

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவரிடம் காட்டினேன். அந்தம்மா இரண்டு முறை படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஜிகா வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரியாதாம். சிலருக்கு உங்களுக்கு வந்த மாதிரி லேசாக வந்து போகும். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் மூளையைப் பாதிக்கலாம், தலை வளராமல் போகலாம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது.

கொசு ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தேன். ஆணின் விந்தில் அது மாதக்கணக்கில் தங்குமாம். நீங்கள் வந்தபோது அது உங்களோடு வந்திருக்கலாம் என்கிறார். என் ரத்தத்தைப் பார்த்தார்கள். எனக்கு முன்பு டெங்கு வந்ததால் இது அதன் தடயமா, ஜிகாவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இனி ஸ்கேன், ஸ்கேன், காத்திருப்பதுதான்.

ஏப்ரலில் வராதீர்கள். வந்தே ஆகவேண்டும் என்றால் முன்னறையில் படுங்கள். பிரசவம் வரை நாம் சேரக் கூடாது, சேர்ந்தால் ஆணுறையாவது வேண்டும் என்கிறார் மருத்துவர். எனக்கு அந்தத் தைரியமும் இல்லை. கோபப்படாதீர்கள்.

உங்கள்
சுருட்டை

ஏப்ரல் 5

நலம். நலமறிய ஆவல்.

என் வீட்டுக்கு வர நான் உன்னிடம் கேட்கவேண்டும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் கையை நானே விஷத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறேன். யாரோ ஒரு டாக்டரம்மா சொன்னால் கட்டின புருஷன் முன்னறையா?

லீவை ரத்து செய்துவிட்டேன். இங்கே எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் விடுதியையே பூட்டிவிடுவார்கள். மேல்கட்டிலின் பலகையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மே 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்களை விஷம் என்று நான் எழுதவில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன், அப்படி ஒரு சொல் என் கையிலிருந்து வரவில்லை.

என் நிலைமையைச் சொல்கிறேன். உங்கள் துறைமுகத்திலிருந்து திரும்பியவர்களில் இந்த ஊரிலும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அதனால் இங்கேயும் ஒரு கொசு என்னைத் தொடக் கூடாது. இந்தக் கொசு பகலில் கடிப்பது. விடிந்ததும் முழுக்கைச் சட்டை, காலுறை, திறந்த இடமெல்லாம் பூச்சு மருந்து. இரண்டு ஜன்னலுக்கும் நானே வலை தைத்து அடித்தேன். காற்று வலையைத் தாண்டி வர யோசிக்கிறது. தையல் மிஷின், கட்டில், சுவர். சுவரில் ஒரு விரிசல் எங்கே போகிறது என்றுகூட எனக்கு மனப்பாடம். வெளியே போவது ஸ்கேனுக்கு மட்டும்.

அத்தைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "என் பிள்ளையைத் தள்ளி வைக்கிறியா" என்று கேட்டுவிட்டு, ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்து, மருத்துவரைக் குடைந்து எடுத்துவிட்டார். இப்போது தெருவே அவரைக் கண்டால் ஓடுகிறது. யார் வீட்டு வாளியில் தண்ணீர் தேங்கினாலும் கவிழ்க்கிறார். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்று தேய்த்துக் கழுவவும் வைக்கிறார். வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், "உங்க தொட்டிக்கு மூடி போடறீங்களா, இல்ல நான் உள்ள இறங்கவா?" என்றார். அன்றைக்கே மூடி வந்துவிட்டது.

உங்கள் விடுதிக்குப் பின்னால் திறந்த தொட்டி இருக்கிறது என்று முன்பு சொன்னீர்கள். அங்கே இருக்கிறவர்களும் மனைவியிடம்தான் திரும்பிப் போகிறார்கள்.

பதில் எழுதுங்கள்.

உங்கள்
சுருட்டை

ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

போனில் கேட்டால் "சரி, சரி" என்கிறீர்கள். கடிதத்துக்குப் பதில் இல்லை.

நேற்று ஸ்கேன். குழந்தை நன்றாக உதைக்கிறது. தலையின் அளவு மட்டும், இருக்கவேண்டிய அளவின் கீழ்க்கோட்டை ஒட்டி இருக்கிறது. "இதை வெச்சு இப்ப எதுவும் சொல்ல முடியாது, பொறுத்துப் பாப்போம்" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழலாம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை. வெளியே போய் அழலாம் என்றால் கொசு. இந்த அறையில் எனக்கென்று ஒரு மூலைகூட இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. உங்கள் மேல் படுகிறேன், பிறகு பாவமாக இருக்கிறது, பிறகு மறுபடியும் படுகிறேன்.

நீங்கள் வந்து ஏதாவது செய்துவிடுவீர்கள் என்றில்லை. பக்கத்து அறையில் இருமுகிற சத்தம் கேட்டால் போதும்.

சுருட்டை

ஜூலை 20

என் சுருட்டைக்கு,

நான் எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. முதலில் கோபம்தான். அப்புறம் பயம்.

இங்கே வெல்டர் ஒருவன் இருக்கிறான், சோடாபுட்டி என்று கூப்பிடுவோம். போன வாரம் அவனுக்கும் நெஞ்சில் அதே மாதிரி தடித்தது. அடுத்த நாள் ஊருக்குக் கிளம்புகிறான், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவனிடம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "இது வேர்க்குரு இல்லடா. நான் அப்படி நெனச்சுத்தான் போனேன். என் பொண்டாட்டி வயித்துல இருக்கற குழந்தைக்குத் தலை வளரல."

அவன் என் சட்டையைப் பிடித்தான். "உன் வீட்டுக் கதைய ஏன்டா என் தலையில கட்டற?" விலக்கிவிட்டார்கள். காலையில் பல் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "எத்தனை மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்?" என்று கேட்டான். மூன்று மாதமாவது என்றேன். அவள் உண்டாகியிருந்தால் பிரசவம் வரைக்கும் என்றேன். நீ எழுதியது, போனில் சொன்னது அத்தனையும் சொன்னேன்.

அப்புறம், அவன் ஊருக்குக் கிளம்புவதற்குள் நாங்கள் இருவரும் தொட்டியைக் காலி செய்து தேய்த்தோம். நூல் துண்டு மாதிரி புழுக்கள் நெளிந்தன. தகரம் வெட்டி மூடி போட்டேன். மேஸ்திரி கத்தினார். சுகாதாரத் துறைக்கு நானே போன் செய்தேன். வந்து பார்த்தார்கள். விடுதியைப் பூட்டவில்லை, மருந்தடித்து எல்லாருக்கும் வலை கொடுத்தார்கள். மேஸ்திரி எனக்கு மட்டும் வேலை இல்லை என்றுவிட்டார்.

வரட்டுமா? முன்னறை போதும். அடுத்த ஸ்கேனுக்கு நானும் வரவேண்டும்.

உன்
குழாய்க்காரன்

ஜூலை 27

வாங்க. முன்னறை ஜன்னலுக்கும் வலை தைத்துவிட்டேன்.

சுருட்டை

அக்டோபர் 11
ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்

சுருட்டை,

மருந்துக் கடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறேன். ஆயாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "உன் மூக்குடா" என்றார். தலையைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படிக்கட்டு வரைக்கும் போகிறேன், திரும்பிவிடுகிறேன். உன்னோடு ஸ்கேன் அறையில் நின்றபோதுகூட இப்படி இல்லை. அது திரையில் ஒரு கோடு. இது முகம். உனக்குள் அந்த நோயைக் கொண்டுவந்து வைத்தவன் நான். எந்த முகத்தோடு நம் மகளைப் பார்ப்பேன்? நீ போகச் சொன்னால் போய்விடுகிறேன். இருக்கச் சொன்னால் இந்தப் பெஞ்சிலேயே இருக்கிறேன்.

அக்டோபர் 11
மேல்தளம், பிரசவ வார்டு

அன்புள்ள உங்களுக்கு,

தலை சிறிசுதான். மருத்துவர் நாடாவால் இரண்டு முறை அளந்துவிட்டுச் சொன்னார். கண்ணையும் காதையும் அடிக்கடி பரிசோதிக்கவேண்டும், நடப்பதும் பேசுவதும் தாமதமாகலாம், வலிப்பு வரலாம், எது வரும் எது வராது என்று இன்றைக்குத் தெரியாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மூக்கு உங்களுடையதுதான், அத்தை சொன்னது சரி.

யார் கொண்டுவந்தது என்று யோசிக்க அந்த வலை கட்டிய அறைக்குள் எனக்கு நிறைய நேரம் இருந்தது. வேறென்ன வேலை? உங்கள் மேல் படவேண்டிய கோபத்தையெல்லாம் அங்கேயே பட்டுத் தீர்த்தேன். கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். வரும்போது பார்த்துக்கொள்வோம்.

இப்போது நேரமில்லை. இவள் பால் குடிக்க ரொம்ப நேரம் எடுக்கிறாள். நாலு வாய் சப்பிவிட்டுத் தூங்குகிறாள், உள்ளங்காலைச் சுண்டி எழுப்பவேண்டியிருக்கிறது. ஒரு வேளை முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது. வலது கை மரத்துப்போய்விட்டது. இதையே இடது கையால் கிறுக்குகிறேன்.

பார்வை நேரம் முடியப்போகிறது. அழவேண்டும் என்றால் அங்கேயே அழுது முடித்துவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள், இவள் தோல் மெல்லிசு. மேலே வந்ததும் என்னிடம் எதுவும் பேசவேண்டாம். முதலில் இவளை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சுருட்டை