கேஸ் மாத்திரையோடு திரும்பி வராத நாள்

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பின் இருக்கைப் பெண் டிபன் டப்பாவைத் திறந்தாள். உப்பில் ஊறிய நார்த்தங்காய் வாசனை. அடுத்த நொடி என் வாயில் அந்த மருந்தின் தகரச் சுவை வந்துவிட்டது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த நாற்காலிகளில் நமக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே நோய், சினைப்பையில் கேன்சர். நீ கெலமங்கலத்தில் ஜாக்கெட் தைப்பவள். நான் ஓசூரில் வண்டி உதிரிபாகங்களில் பழுது இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பவள். "குமட்டுதா புள்ள? இத நாக்குல வெச்சுக்க" என்று ஒரு துண்டு நார்த்தங்காயை நீட்டினாய். அப்படித்தான் தொடங்கியது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை ஒன்றாகப் போய் வந்தோம். ஒருநாள் ஊசி குத்திய இடம் வீங்கி எனக்கு எரிந்தது. சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். எனக்குக் கன்னடம் வராது. வந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். நீ எழுந்து, உன் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே போனாய். கன்னடத்தில் என்ன சொன்னாயோ, நர்ஸ் வந்து ஊசியை மாற்றிவிட்டுத்தான் நகர்ந்தார். மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நீ நடந்த நடையை இன்னும் மறக்கவில்லை.

எனக்காக அப்படி நடந்தவள், உனக்காக நடக்கவில்லை.

வைத்தியம் முடிந்து ஒரு வருஷம் போல நன்றாக இருந்தாய். பிறகு வயிறு உப்பியது. நாலு வாய் சாப்பிட்டால் நிறைந்துபோனது. பக்கத்து கிளினிக்கில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். போனில் கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றாய், நானும் நம்பினேன். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். வயிற்றில் நீர் கோத்திருந்தது. தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. உன் மகள் டீ போட உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னாய்: "எனக்கு அப்பவே தெரியும் புள்ள. திரும்பத் திரும்பப் போயி நின்னா, பயந்து சாவுறா பாருன்னு நெனப்பாங்களேன்னு வெக்கமா இருந்துச்சு."

முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. எந்த டாக்டரும் அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த மூன்று மாதமும் நீ தனியாகப் பயந்துகொண்டிருந்தாய். நீ போன பிறகும் அதுதான் எனக்கு ஆறவில்லை.

போன மழைக்காலத்தில் எனக்கும் தொடங்கியது, அக்கா. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்தது. மணிக்கு ஒருமுறை பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்க வேண்டியிருந்தது. இங்கே ஓசூரில் பார்த்த டாக்டர் வயிற்றை ஒருமுறை அமுக்கிவிட்டு, காரத்தைக் குறையுங்கள் என்று மாத்திரை எழுதினார். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்றார் என் வீட்டுக்காரர். அவர் மேல் கோபமில்லை. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை, 'அது' என்றுதான் சொல்வோம். 'அது' மறுபடி வந்திருக்குமோ என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

பதினைந்து நாள், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். எந்த நாள் உப்பியது, எவ்வளவு சாப்பிட முடிந்தது, எங்கே வலித்தது. பிறகு அரைநாள் லீவு போட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு அதே ஓசூர் டாக்டரிடம் தனியாகவே போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு தடவை எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். நீ சொன்ன அதே வெட்கம்தான். இத்தனை பேர் காய்ச்சலோடு காத்திருக்க, நான் வயிற்று உப்பசத்துக்கு மறுபடி வந்து நிற்கிறேனே என்று.

டாக்டர் பழைய மாத்திரையையே தொடரச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

"சார், எனக்கு ஓவரியில கேன்சர் வந்து, வைத்தியம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆவுது. இந்தத் தொந்தரவு பதினஞ்சு நாளா தெனமும் இருக்குது, எழுதி வெச்சிருக்கேன். கேஸாவே இருக்கட்டும். ஆனா ரத்தமும் ஸ்கேனும் பாத்துட்டுச் சொல்லுங்க. வேணாம்னா, ஏன் வேணாம்னு இந்த ஃபைல்ல எழுதிக் குடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு இரண்டு சோதனையும் எழுதினார். பெங்களூர் டாக்டரிடம் உடனே காட்டச் சொல்லி ஒரு கடிதமும் தந்தார்.

திரும்பித்தான் வந்திருந்தது, அக்கா. சின்னதாக, ஒரே இடத்தில். இந்த அளவில் வந்ததால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார் பெங்களூர் டாக்டர். முழுசாகக் குணமாகும் என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று, யோசிக்காமல் உன் நம்பரை அழுத்திவிட்டேன். அந்த நம்பர் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது போல, ஒரு ஆண் எடுத்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வைத்துவிட்டேன். நான் வாய் திறந்து கேட்டுவிட்டேன் என்பதைச் சொல்ல உன்னைத் தவிர யாரும் இல்லை. மற்றவர்களுக்கு அது ஒரு ஸ்கேன் சீட்டு, அவ்வளவுதான்.

மருந்து இரண்டு தடவை ஏறிவிட்டது. வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் மாற்ற முடிகிற நாளில் கூட வருகிறார். வரும் செவ்வாய் முடியாது, நான் மட்டும்தான். டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த மருந்து கேட்காவிட்டால், அடுத்து என்ன? பதிலை நினைத்து இரண்டு தடவை அடித்துவிட்டு, மறுபடி காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் இப்போது யார் யாரோ உட்காருகிறார்கள்.

ஆனாலும் கேட்பேன், அக்கா. பயத்தோடு கேட்பேன்.