குல்லா போட்ட கறிவேப்பிலை

பிப்ரவரி 24, இரவு.

தில்லிக் குளிரை இன்று நான் தோற்கடித்தேன்! மொட்டையாக நின்ற என் கறிவேப்பிலைச் செடி துளிர்த்துவிட்டது. மாதக் கடைசிக்குள் துளிர்க்காவிட்டால் பிடுங்கிவிட்டுப் புதினா நடுவதாக என் மனைவி கெடு வைத்திருந்தாள். வடக்கு ஜன்னல் நிழலில் வெளிறி இலை உதிர்த்ததைத் தெற்கு பால்கனி வெயிலுக்கு மாற்றினேன். இரவில் பனி தாக்காமலிருக்க என் குரங்குக் குல்லாயையே மாட்டினேன். துளிர் நகமளவுதான், மணமோ எங்கள் ஜனக்புரி தாண்டி முனிர்கா வரை வீசுகிறது!

"அச்சா, ஜெயிச்சுட்டீங்க. ரசத்துக்கு ரெண்டு இலை பறிங்க" என்றாள்.

"பட்டத்து இளவரசன்டி அது! ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்கிக்கோ."

"அப்ப ரசத்தையும் அங்கேயே குடிச்சுக்கோங்க."

பேரரசராகிய நான் ஒரே ஒரு இலையை வழங்கினேன். ரசம் அமிர்தம். இப்போது தும்மலாக வருகிறது. குல்லாய் இன்னும் இளவரசன் தலையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.